நெடுங்கரை மன்னரின் ஆண்டு ஆட்சேபம்

பதினோரு நாடுகள் ஓர் ஆற்றைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு. ஒருவருக்குக் கொடுத்தால் மற்ற பத்துப் பேரும் சண்டைக்கு வருவார்கள் என்பதால் அதை ஒரு மடத்துக்கு விட்டுவிட்டார்கள். மன்னர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட உடன்படிக்கை ஓலைகளெல்லாம் அந்த மடத்துப் பரணில்தான் கிடந்தன. அவற்றை முழுக்கப் படித்து முடித்தது கரையான் மட்டும்தான்.

மடத்தின் தலைவி அரியநாச்சி அம்மை. வயது முப்பத்தொன்று. அவருடைய சீடர் மாசிலாமணிக்கு அறுபத்து மூன்று. தினமும் காலையில் குருவின் காலில் விழுவார். விழுந்ததும் முட்டி பிடித்துக்கொள்ளும். குருவே கை கொடுத்துத் தூக்கிவிடுவார்.

மாசிலாமணி முப்பது வருடம் ஓர் அரண்மனையில் ஓலை நாயகமாக இருந்தவர். நாட்டுக்கும் நாட்டுக்கும் உடன்படிக்கை எழுதுவது அவர் வேலை. அதை விட்டுவிட்டு வந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தாயே, நாடுகளுக்கு நடுவே சட்டம் என்று ஒன்று உண்டா?"

அரியநாச்சி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏன், காணோமா?"

"முப்பது வருடம் தேடினேன். கிடைக்கவில்லை. நாற்பத்தாறு உடன்படிக்கை என் கையால் எழுதினேன். நாற்பத்து நாலை மீறிவிட்டார்கள்."

"மீதி இரண்டு?"

"அவை என்ன சொல்கின்றன என்று யாருக்கும் விளங்கவில்லை."

"எழுதியவர் நீங்கள்தானே?"

"எனக்கும்தான்."

குரு ஒரு பழுத்த இலையைத் தூரப் போட்டார்.

"ஊருக்குள் ஒருவன் திருடினால் காவலன் பிடிப்பான்" என்றார் மாசிலாமணி. "ஒரு நாடே திருடினால் யார் பிடிப்பது? பிடிக்க ஆளில்லாத சட்டம் என்ன சட்டம்?"

"நம் படகு வெள்ளத்தில் போய் நெடுங்கரையில் ஒதுங்கிவிட்டதாம். நெடுங்கரை மன்னர் கட்டிவைத்திருக்கிறாராம். நம் தூதராகப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்."

மாசிலாமணியின் முகம் கீரையைவிடப் பச்சையாக மாறியது.

"நெடுங்கரையா?"

காரணம் இதுதான். தூதராக வந்தவரைக் கொல்லக் கூடாது என்பது யாரும் எழுதாத விதி. பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து வழக்கமாக வந்தது. பத்து நாடுகள் அதைக் கேள்வி கேட்காமல் ஒத்துக்கொண்டன. நெடுங்கரை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ஆண்டுதோறும் தை மாதத்தில் எல்லோருக்கும் சொல்லியனுப்பியது. ஓர் ஆண்டு சொல்லாமல் விட்டால் சம்மதித்ததாக ஆகிவிடும் அல்லவா? இருபத்திரண்டு ஆண்டாக ஒரு தை தவறியதில்லை.

"அங்கே என் தலையை வெட்டிவிட்டால்?"

"உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்" என்றார் குரு. "போய் வாருங்கள். மோர் ஏதாவது குடித்துவிட்டுப் போங்கள்."

நெடுங்கரை மன்னர் மரியாதையானவர். மாசிலாமணிக்கு உட்கார மணை போடச் சொன்னார். படகு விஷயத்தை முழுக்கக் கேட்டார்.

"தூதர்களைப் பற்றி எங்கள் நிலைப்பாடு உமக்குத் தெரியுமா?"

"தெரியும், மன்னா."

"தெரிந்தும் வந்தீரா?"

"என் குரு அனுப்பினார்."

"உம்மை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காதோ?"

மாசிலாமணி அதைப் பற்றித்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். 

"அப்படியானால் வெட்டிவிடுவோம்" என்றார் மன்னர்.

அப்போது சபையில் ஒருவர் எழுந்தார். பெயர் பிச்சாண்டார். பதவி ஆட்சேப நாயகம். ஆண்டுதோறும் ஆட்சேப ஓலையைச் சுமந்துபோய்ப் பத்து அரண்மனையிலும், கடைசியாக மணல்திட்டு மடத்திலும் வாசித்துவிட்டு வருவது அவர் உத்தியோகம். அவர் மன்னரின் காதோடு ரகசியம் சொன்னார். அவர் ரகசியம் சொன்னால் மூன்றாவது தெருவில் எருமை திரும்பிப் பார்க்கும்.

"மன்னா, இன்றைக்கு வேண்டாம். தை பிறந்தால் நான் கிளம்பவேண்டும். இவர் தலை உருண்ட செய்தி எனக்கு முன்னால் அங்கே போய்விட்டால் என் தலை?"

"நீ திரும்பி வந்ததும் வெட்டிக்கொள்ளலாமா?"

"பத்து அரண்மனை, பத்து விருந்து. திரும்ப ஆவணி ஆகிவிடும். வந்து காலை நீட்டி உட்கார்வதற்குள் அடுத்த தைக்கு ஓலை எழுதவேண்டும்."

மன்னர் பெருமூச்சு விட்டார். "ஒவ்வொரு தடவையும் இதையே சொல்கிறாய். இவரையும் அங்கே கொண்டுபோய் விடுங்கள்."

அங்கே என்றால், அரண்மனைக்குப் பின்னால் ஒரு பெரிய ஓட்டு வீடு. வாசலில் 'தலை வெட்டப்படுவோர் இல்லம்' என்று பலகை தொங்கியது. உள்ளே பதினாலு தூதர்கள் இருந்தார்கள். எல்லோரும் நன்றாகப் பருத்திருந்தார்கள்.

"எந்தக் காரியமாக வந்தீர்?" என்று கேட்டார் அவர்களில் மூத்தவர். அவரைக் கொண்டுவந்து விட்டுப் பத்தொன்பது வருடமாகிறது.

"ஒரு படகு விஷயமாக."

"நான் ஒரு யானையைத் திருப்பிக் கேட்டு வந்தேன். யானை செத்துப் பத்து வருடம் ஆகிறது. அதோ அந்தப் புடலைப் பந்தல் என்னுடையது. காய் பறிப்பதாக இருந்தால் கேட்டுவிட்டுப் பறியும்."

"நம்மை எப்போது வெட்டுவார்கள்?"

"வெட்டினால் பிச்சாண்டாரை வெளியே எவனாவது வெட்டிவிடுவான்."

"அப்படியானால் வீட்டுக்கு அனுப்பிவிடலாமே."

"அனுப்பினால் மன்னர் விதியை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அது எப்படி முடியும்? சாப்பிட வாரும். இன்றைக்கு நெய் கொஞ்சம் காறல். ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்."

மாசிலாமணி வாழைக்காய்க் கறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தலை வெட்டப்படுவதற்குக்கூட அவர் மனத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். சாகிறவரை புடலங்காய் பறிப்பதற்குத் தயார் செய்யவில்லை.

இருந்த இரண்டு மாதத்தில் ஒருநாள் பிச்சாண்டாரே வந்தார், பொழுது போகாமல். மாசிலாமணி அவரிடம் கேட்டார்.

"போகிற இடத்திலெல்லாம் உமக்குப் பயமாக இருக்காதா, ஐயா?"

"என்ன பயம்?"

"தூதரைக் கொல்லலாம் என்று சொல்லத்தானே போகிறீர். சரி, கொல்லலாம் என்று ஒருவர் எடுத்துக்கொண்டால்?"

பிச்சாண்டாருக்குக் கோபம் வந்துவிட்டது. பந்தலில் இருந்த குருவியெல்லாம் பறந்தன.

"என்னய்யா பேசுகிறீர்? நான் தூதனாகப் போகிறவன். தூதன்மேல் எவன் கை வைப்பான்? உலகத்தில் ஒரு முறை கிறை இல்லையா?"

தை நெருங்கியது. பிச்சாண்டார் ஆற்றங்கரையில் நின்று ஆட்சேபத்தை ஒத்திகை பார்த்தார். இரண்டு பனையிலிருந்து காய் உதிர்ந்தது. மூன்றாவது பனைக்கு முயன்றபோது குரல் போய்விட்டது. சுக்கு, மிளகு, சித்தரத்தை என்று எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் காற்றுதான் வந்தது.

அரண்மனை கலங்கியது. இந்தத் தை தவறினால் இருபத்திரண்டு வருட ஆட்சேபமும் வீண். வேறு யாரும் போக முன்வரவில்லை. பிச்சாண்டாரின் விருந்துகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள்கூட அன்றைக்கு வீட்டில் விசேஷம் என்று சொல்லிவிட்டார்கள்.

மன்னர் மாசிலாமணியைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீர் ஓலை நாயகமாக இருந்தவராமே."

"இருந்தேன்."

"எங்கள் தூதராகப் போய் வாரும். உங்கள் மடத்தில் தொடங்கிப் பத்து அரண்மனையிலும் வாசித்துவிட்டு வந்துவிடும். வந்ததும் வெட்டிவிடுகிறோம்."

"நான் திரும்பி வருவேன் என்று எப்படி நம்புகிறீர்கள், மன்னா?"

மன்னர் உண்மையாகவே திகைத்துப்போனார்.

"தூதராகப் போகிறவர் சொல் தவறக் கூடாதே. அது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கமாயிற்றே."

போவதற்குப் படகு வேண்டும். அரண்மனைப் படகுகள் பழுது. கரையில் கட்டிக்கிடந்த மடத்துப் படகையே அவிழ்த்துக் கொடுத்தார்கள்.

மணல்திட்டில் அரியநாச்சி அம்மை கரைக்கு வந்து நின்றார். முதலில் படகைத்தான் சுற்றிப் பார்த்தார்.

"ஒரு பலகை மாற்றவேண்டும். மற்றபடி பரவாயில்லை. இப்போது யாராக வந்திருக்கிறீர்கள்?"

"நெடுங்கரை மன்னரின் தூதராக" என்றார் மாசிலாமணி. காலில் விழுவதா வேண்டாமா என்று அவருக்குக் குழப்பம். பாதி குனிந்து நின்றார்.

"அப்படியானால் ஓலையைப் படியுங்கள்."

நிமிர்ந்து படித்தார். அவரே திருத்தி எழுதிய வாசகம், நன்றாக வந்திருந்தது. "தூதரைக் கொல்லலாகாது என்னும் விதியை நெடுங்கரை ஏற்றதில்லை, ஏற்கவில்லை, ஏற்கப்போவதுமில்லை. அது எம்மை எக்காலத்தும் கட்டாது."

"நெடுங்கரையைக் கட்டாது என்றால், நெடுங்கரையிலிருந்து வருகிறவர் விஷயத்தில் நம்மையும் கட்டாது. சரிதானே?"

பழைய ஓலை நாயகத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சரியாகச் சொன்னீர்கள், தாயே. நியாயப்படி அப்படித்தான்."

குரு மடைப்பள்ளிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "செல்லாயி அக்கா, அந்தப் பெரிய அரிவாளைக் கொஞ்சம் கொண்டு வாங்க."

சமையல் செய்யும் செல்லாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அரிவாளோடு வந்தாள்.

"எதுக்கும்மா?"

"நெடுங்கரைத் தூதர் வந்திருக்கிறார். வெட்டவேண்டும்."

செல்லாயி மாசிலாமணியை மேலும் கீழும் பார்த்தாள். "நம்ம ஐயாவா? நான் பலாக்காய்னு நெனச்சுல்ல எடுத்தாந்தேன். பால் ஒட்டியிருக்கு. எண்ணெய் போட்டுத் தொடச்சுத் தரட்டா?"

"அப்படியே கொடுங்கள்."

குரு அரிவாளை வாங்கினார். ஓங்கவில்லை. ஆனால் ஓரடி முன்னால் வந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அதை மாசிலாமணி நன்றாகவே கவனித்தார். மூன்றடி பின்னால் போய்த் தண்ணீரில் நின்றார். ஓலையை இரண்டு கையாலும் கழுத்துக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டார்.

"தாயே, கூடாது."

"ஏன்?"

"நான் தூதன்."

"அதனால்?"

"தூதனை வெட்டக் கூடாது, தாயே. அது முறை."

அரியநாச்சி அம்மை அரிவாளைச் செல்லாயியிடம் திருப்பிக் கொடுத்தார். தண்ணீரில் நின்றவருக்குக் கையை நீட்டினார்.

"முப்பது வருடம் தேடியும் கிடைக்கவில்லை என்றீர்களே, ஐயா. இவ்வளவு சட்டென்று எங்கிருந்து எடுத்தீர்கள்?"