ஆபத்துக்கு வைத்த டார்ச்

“அம்மா, டார்ச் எரியலைங்க!”

குகை வாயில் நின்று அங்கப்பன் கத்தினார்.

“எரியலைன்னா திறந்து பாருங்கண்ணா,” என்றது உள்ளிருந்து வந்த குரல்.

குரல் பூவாத்தாளுடையது. மலைமேல் இருந்த அந்தச் சிறிய மடத்தின் குரு அவர். சீடரான அங்கப்பனைவிட வயதில் மிகவும் இளையவர்.

சுனைத் தண்ணீர் எடுக்கக் குகைக்குள் போனவர் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். பாதம் இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. யாராவது ஒரு கல்லைத் தள்ள வேண்டும்.

மடத்தில் மற்ற எல்லோரும் கீழே சந்தைக்குப் போயிருந்தார்கள்.

மலை உச்சியில் மேகம் கறுத்திருந்தது. அங்கே மழை பிடித்தால் குகைக்குள் தண்ணீர் ஏறும்.

அங்கப்பன் ஒருநாளும் அந்தக் குகைக்குள் போனதில்லை. தண்ணீர் எடுக்கும் முறை வரும்போதெல்லாம் அடுத்தவருக்கு விறகு பிளந்து கொடுத்து மாற்றிக்கொள்வார்.

“விளக்கைக் கொண்டாரட்டுங்களா?”

“மேலே பூரா சொட்டுது. நிக்காது. டார்ச்சைப் பாருங்க.”

அடிமூடியைத் திருகினார். அசையவில்லை. வேட்டி நுனியைச் சுற்றித் திருகினார். திறந்தது. பாட்டரிகள் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தன. டார்ச்சைக் கவிழ்த்துப் பாறையில் தட்டினார். வீங்கி, பிசுபிசுத்து, இரண்டும் வெளியே விழுந்தன. சுருள்கம்பி முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது.

“பாட்டரி ஒழுகிக் கெடக்குதுங்க!”

“கடைசியா எப்ப எரிச்சீங்க?”

“எரிச்சதே இல்லைங்க. மடத்துக்கு வந்தப்ப வாங்கினது. ஆபத்துக்கு வேணும்னு பெட்டியில பத்திரமா வெச்சிருந்தேன்.”

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

“சிரிக்காதீங்கம்மா. எனக்கு இங்க கையெல்லாம் பிசுபிசுங்குது.”

“எனக்கு இங்க முழங்கால் நனையுது. போய் ரேடியோவுல இருக்கற பாட்டரியைக் கழட்டிட்டு வாங்க.”

ஓடினார். கழற்றிக்கொண்டு ஓடிவந்தார்.

பேனாக்கத்தியால் சுருள்கம்பியைச் சுரண்டினார். வேட்டியால் துடைத்தார். பாட்டரிகளைப் போட்டு மூடினார். எரியவில்லை.

“பாட்டரியோட குமிழ் எந்தப் பக்கம் இருக்குது?”

“மூடிப் பக்கமுங்க.”

“பல்புப் பக்கம் இருக்கணும். ரெண்டுமே.”

மாற்றிப் போட்டு விசையைத் தள்ளினார்.

“இப்பவும் ஒண்ணும் தெரியலைங்க.”

“பகல்ல என்னத்தத் தெரியும்? கண்ணாடியைக் கையால பொத்திப் பாருங்க.”

பொத்தினார். விரலிடுக்கில் சிவப்புத் தெரிந்தது.

“எரியுதுங்க!”

“அப்ப வாங்க.”

ஒரு மழைத்துளி அவர் கழுத்தில் விழுந்தது.

குகையைப் பார்த்தார். நாலடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. டார்ச்சை ஒருமுறை உலுக்கினார்.

“மினுக்குதுங்க. கம்பியை இன்னொரு தடவை சுரண்டிடறேன்.”

“தண்ணி இடுப்புக்கு வந்துருச்சு.”

“ஒரே நிமிஷங்கம்மா. பாதி வழியில அணைஞ்சுட்டா என்னங்க பண்றது?”

பதில் வரவில்லை.

“அம்மா?”

தண்ணீர் சலசலக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“அம்மா!”

அங்கப்பன் உள்ளே போனார்.

இடது கை ஈரப் பாறையைத் தடவிக்கொண்டே போனது. வலது கை டார்ச்சை முன்னால் நீட்டியிருந்தது. ஏதோ ஒன்று படபடத்துக் காதோரமாகப் பறந்தது. கணுக்காலில் தண்ணீர் சில்லென்றது. முழங்காலுக்கு ஏறியது. நின்றார். திரும்பிவிடலாமா என்று ஒரு கால் பின்னால் போனது. அதை முன்னால் இழுத்து வைத்தார்.

தலை பாறையில் இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து நடந்தார்.

ஈரமான கை ஒன்று அவர் கையைப் பிடித்தது.

அலறினார்.

“நான்தாண்ணா.”

“அம்மா! இருக்கீங்களா? ஏனுங்க பேசலை?”

“பேசினது போதும்னு பட்டுச்சு. இந்தாங்க, கல்லு இதுதான்.”

பூவாத்தாள் அவர் கையை இழுத்துக் கல்லின்மேல் வைத்தார். அங்கப்பன் டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் தள்ளினார். கல் அசையவில்லை. தோளைக் கொடுத்து மறுபடி தள்ளினார். கல் உருண்டது.

பூவாத்தாள் காலை உருவிக்கொண்டு, அவர் தோளைப் பிடித்து எழுந்து நின்றார்.

“டார்ச்சைக் கொஞ்சம் கீழ இறக்குங்கண்ணா. கண்ணு கூசுது.”

“எரியுதுங்களா அது?” என்று கேட்டார் அங்கப்பன்.

பூவாத்தாள் அவர் முகத்தைப் பார்த்தார்.

“கண்ணைத் திறங்கண்ணா,” என்றார்.