ஐயாயிரம் லிட்டர் வண்டியும் பன்னிரண்டு கையெழுத்தும்

இந்தக் கதையின் முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது. விடை சொல்லாமல் நழுவ நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நழுவுகிறவர்களை எங்கள் ஊரில் நிறையப் பார்த்தாயிற்று.

ஊர் மேலப்பொட்டல். அரசாங்கத் தீயணைப்பு நிலையம் முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. போன் போட்டு அவர்கள் வந்து சேர்வதற்குள் எரிய வேண்டியது எரிந்து முடிந்திருக்கும். ஆகவே பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு தொண்டர் படை அமைத்தோம். தலைவர் தளவாய், நாற்பது ஏக்கர்காரர். படையில் நானும் ஒருவன். காலனித் தெருவிலிருந்து ஒரே ஒருவன், காத்தமுத்து. தீ என்றால் முதலில் ஓடுகிறவன் அவன்தான்; அதை யாரும் மறுக்க முடியாது.

மலேசியாவில் ஹோட்டல் நடத்தும் எங்கள் ஊர்க்காரர் குற்றாலிங்கம், படைக்கு ஒரு வண்டி வாங்கித் தருவதாகக் கடிதம் எழுதினார். இரண்டு வண்டிகளின் படமும் வந்தது. ஒன்று, ஐயாயிரம் லிட்டர் தொட்டி வைத்த லாரி, எட்டடி அகலம். மற்றது, ஐந்நூறு லிட்டர் பிடிக்கும் சின்ன வண்டி, ஐந்தடி அகலம். கிணற்றில் குழாயைப் போட்டால் அதன் பம்பு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். எது வேண்டும் என்பதை நாங்களே முடிவு செய்யலாம், ஆனால் பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒன்று குறைந்தாலும் வண்டி பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார். ஊர் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார் மனுஷன்.

தளவாய் டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தேரோடும் வீதிகள் நான்கையும் அளந்தார். எது நுழையும், எது நுழையாது என்பதற்கு எங்கள் ஊரில் தேர்தான் கணக்கு. பந்தல் போடுகிறவனும் போர்வெல் வண்டிக்காரனும் அதைத்தான் கேட்பார்கள். எந்த வீதியும் பதினெட்டு அடிக்குக் குறையவில்லை. "தேரே திரும்புது, லாரி திரும்பாதாக்கும்?" என்றார் தளவாய். அந்த நான்கு வீதிகளிலும் மாடி வீடுகள். ஓலைக்கூரை என்று பார்த்தால் காலனியில்தான் இருந்தது. அங்கே தேர் போவதில்லை.

காலனித் தெருவின் வாய் ஏழடி. காத்தமுத்து அங்கேயே பிறந்து வளர்ந்தவன், அவனுக்கு அது தெரியும். நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் வேண்டுமென்றால், தளவாய் டிராக்டரும் டிரெய்லருமாக வந்து அந்தத் தெருமுனையில் நின்று ஹாரன் அடிப்பார். ஆட்கள் வெளியே வந்து ஏறிக்கொள்வார்கள். காத்தமுத்துவும் அப்படி ஏறிப் போகிறவன்தான்.

அவனுடைய அக்கா பிச்சம்மா. ஒரு கால் சூம்பியவள், நடக்க முடியாது. தெருவின் கடைசிக் குடிசையில் உட்கார்ந்தபடி பீடி சுற்றுவாள். படையின் கூட்டத்துக்கு முந்தின நாள் இருவரும் பேசியதைக் காத்தமுத்துவே பிறகு என்னிடம் சொன்னான்.

"நம்ம தெருவுக்குள்ள வராத வண்டிக்கு நீ எதுக்குலே ஒப்பம் வைக்கணும்?"

"வைக்கலைன்னா, ஊருக்கு வந்த வண்டிய நான்தான் கெடுத்தேன்னு சொல்லுவாங்க யக்கா. அப்புறம் எவன் வேலைக்குக் கூப்பிடுவான்? பள்ளிக்கூடத்துல தீப்பிடிச்சா அங்க நம்ம பிள்ளைகளும்தான இருக்கு?"

"அப்பம் என் குடிசையில தீப்பிடிச்சா?"

மறுநாள் கூட்டத்தில் அவன் வாயே திறக்கவில்லை. எல்லாருக்கும் கடைசியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். லாரி வந்தது. மாலை போட்டு, மேளம் வைத்து, நான்கு வீதிகளிலும் சுற்றி வந்தோம்.

பங்குனியில் ஒரு நண்பகல், காலனியின் கடைசிப் பக்கத்தில் தீப்பிடித்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் வயல்காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். லாரி, காத்தமுத்துவையும் ஏற்றிக்கொண்டு, ஆறு நிமிஷத்தில் வந்துவிட்டது. வந்து, தெருமுனையில் நின்றது. இருநூறு அடி ஓஸ் குழாய் ஒன்பதாவது குடிசை வரை எட்டியது. பிச்சம்மா இருந்தது பதினெட்டாவது குடிசையில். ஓஸின் முனையைப் பிடித்துக்கொண்டு, அது ரப்பர் போல நீளும் என்று நம்பியவனாகக் காத்தமுத்து இழுத்தான். பிறகு அதைப் போட்டுவிட்டு ஒற்றைக் குடத்தோடு ஓடினான். அக்காவை வெளியே கொண்டுவந்தான். உயிர் இல்லை. லாரி திரும்பிப் போனபோது தொட்டியில் நாலாயிரம் லிட்டர் தண்ணீர் அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் ஊர்க்கூட்டம். குற்றாலிங்கம் போனில் அழுதார். "எல்லாரும் சம்மதிச்சுத்தானேய்யா கையெழுத்துப் போட்டீங்க?" என்றார். தளவாய், "அந்தத் தெரு அகலம் எனக்கெப்படித் தெரியும்? தெரிஞ்சவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லா?" என்றார். எல்லாரும் காத்தமுத்துவைப் பார்த்தோம். "சொல்லியிருக்கணும்" என்றான் அவன்.

இனி கேள்வி. ஒற்றுமையைக் கேட்டுக் கையைக் கட்டிப் போட்ட குற்றாலிங்கமா, தேர் வீதிகளை மட்டும் அளந்த தளவாயா, தெரிந்தே கையெழுத்துப் போட்ட காத்தமுத்துவா? பிச்சம்மாவின் சாவுக்கு இந்த மூவரில் யார் பொறுப்பு?

விடை: காத்தமுத்துதான் என்று ஊர் சொல்லிற்று. தெரிந்தவன் அவன் ஒருவன்தானாம். பச்சைப் பொய். வருஷக்கணக்காக டிராக்டரைத் தெருமுனையில் நிறுத்தி ஹாரன் அடித்தவருக்கு, ஏன் உள்ளே போகாமல் நிறுத்துகிறோம் என்று தெரியாதா? குற்றாலிங்கத்துக்கு நிஜமாகவே தெரியாது. காத்தமுத்துவுக்குத் தெரியும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த ஊரில் பிழைக்கும் வசதிதான் அவனுக்கு இல்லை. தெரிந்தும், சொல்ல வசதி இருந்தும், சொல்லாதவரே பொறுப்பு. அப்படியானால் தளவாய். அவரோடு முடிந்துவிடட்டும் என்றுதான் மூவரில் யார் என்று கேட்டு வைத்தேன். வீதிகளை அளந்த அன்று டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவரோடு நடந்தவன் நான். காலனி முனைக்கு வந்ததும், "இதையும் அளக்கணுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அங்கன தேரா போகுது?" என்றார். நான் டேப்பைச் சுருட்டிவிட்டேன்.