பத்து முளைகள்

“நான் படிக்க வந்தேனா, மண்ணு சுமக்க வந்தேனா?”

ஜெசிந்தா அக்கா சாக்கில் மண் அள்ளிக்கொண்டிருந்தார்.

எங்கள் விடுதிப் பள்ளியில் டீச்சர்களையும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பாதிப் பாடம் வகுப்பில், மீதி ஆற்றங்கரையில். போன மழையில் கரை இடிந்து பம்புசெட்டே போய்விட்டது. அடுத்த மழைக்குள் கரையைக் கட்ட வேண்டும். ஆளுக்குப் பத்தடி.

“டி.சி. குடுங்கக்கா. திருப்பூர்ல மாமா வேலைக்குக் கூப்பிடுதாரு. பத்தே முக்காலுக்கு பஸ்ஸு.”

“சரி.”

சண்டை போடத் தயாராக வந்திருந்தேன். இப்படிச் சொன்னால் என்ன செய்ய?

“ஒன் பத்தடி அப்படியே கெடக்கேலே, இசக்கி.”

“முடிச்சா?”

“கையெழுத்து.”

அடிக்கு ஒரு மூங்கில் முளை. மூன்றடி மண்ணுக்குள் இறங்க வேண்டும், இரண்டடி வெளியே நிற்க வேண்டும். பின்னால் மண்மூட்டை.

ஓரடியிலேயே கல் தட்டியது. கல்லைப் பெயர்க்க யாருக்கு நேரம்? மேலே கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்ததை ரம்பத்தால் அறுத்தேன். பத்தையும் அப்படியே. துண்டுகளைப் புதருக்குள் எறிந்தேன். பார்க்க வரிசை கச்சிதமாக இருந்தது. மூட்டைகளை அடுக்கிவிட்டுப் போய்க் கூப்பிட்டேன்.

“அதுக்குள்ளயா?”

“ஆமா.”

“மழை தாங்குமா?”

“தாங்கும்க்கா. போடுங்க.”

அக்கா டி.சி.யோடு வந்தார். நேராகப் போய் என் மூட்டைகள் மேல் உட்கார்ந்தார். காலை ஆற்றுப் பக்கம் தொங்கப் போட்டார். மடியில் தாளை வைத்துப் பேனா மூடியைத் திறந்தார்.

“அப்பா பேரு என்னலே?”

“சுடலைமணி. எந்திரிங்க.”

“இனிஷியல்?”

ஓரத்து முளை சாய்ந்தது. அக்கா பார்க்கவில்லை. கீழே ஆறு சுழித்துக்கொண்டு ஓடியது.

“எந்திரிங்கக்கா!”

“கையெழுத்து வேண்டாமா?”

“மொதல்ல எந்திரிங்க! ஓரடிதான் எறக்கியிருக்கேன். பத்தும் ஓரடிதான்!”

எழுந்தார். நின்றபடியே கையெழுத்துப் போட்டார். தாளைப் புல்லில் வைத்தார். காற்றில் பறக்காமலிருக்க, புதருக்குள் கைவிட்டு ஒரு மூங்கில் துண்டை எடுத்து அதன்மேல் வைத்தார்.

“நல்லாருலே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது.

முதல் முளையைப் பிடித்து இழுத்தேன். ஒரு கையிலேயே வந்துவிட்டது.