போர்டில் ஏறிய பெரியம்மா

திருச்சி தில்லைநகரில் ஒரு சின்ன விளம்பரக் கம்பெனி. அங்கே குருவின் பெயர் கிளாட்சன், வயது முப்பத்திரண்டு. சிஷ்யை வசுமதிக்கு நாற்பத்திரண்டு. ஞானத்துக்கு வயசில்லை என்று மடங்களில் சொல்வார்கள். இங்கே சம்பளம் கொடுக்கிறவன்தான் மூத்தவன்.

கல்யாணமானதிலிருந்து அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேலைக்கு வந்தவள் வசுமதி. அவள் வர முடிந்ததே அகிலாவால்தான். அகிலா அவளுடைய ஓரகத்தி, மூத்த மருமகள், அதே வீட்டில் இருப்பவள். குழந்தை இல்லை.

"நீ போ வசு, பிள்ளைங்களை நான் பார்த்துக்கறேன். இந்த வீட்டுல ஒருத்தி செருப்பாவது தேயட்டும்" என்று தள்ளாத குறையாக அனுப்பிவைத்தவள்.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முதலில் கொடுத்தது ஒரு கருத்தரிப்பு மையத்துக்கான விளம்பரம். எழுதிக்கொண்டு போனாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். எழுதியதை நின்றுகொண்டு எல்லோருக்கும் வாசிக்க வேண்டும். முடிப்பதற்குள் யாராவது போனைக் கையில் எடுத்தால் அந்த வரி செத்தது.

மழலை என்று வாசித்தாள். எடுத்தார்கள். தொட்டில் என்று வாசித்தாள். எடுத்தார்கள். வசந்தம் என்றபோது ஒருவன் "ஹலோ, சொல்லு மச்சான்" என்று பேசவே ஆரம்பித்துவிட்டான்.

"சார், ஐடியா எங்கேயிருந்துதான் வருது?"

கிளாட்சன் எழுந்து வந்தான். அவள் லேப்டாப்பில் திறந்து வைத்திருந்த வெளிநாட்டு விளம்பரங்களைப் பார்த்தான். லேப்டாப்பை மூடினான். அவளுடைய ஹேண்ட்பேக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"வேலையை விட்டு அனுப்பறீங்களா சார்?"

"வீட்டுக்குப் போங்கன்னு சொல்றேன் மேடம்."

"மணி பதினொண்ணுதானே ஆகுது!"

"அதனாலதான். இந்த நேரத்துல நீங்க வருவீங்கன்னு அங்கே யாருக்கும் தெரியாது."

போனாள்.

கூடத்தில் அகிலா தனியாக உட்கார்ந்து வசுமதியின் பிள்ளைகளுடைய யூனிஃபார்மை மடித்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள். துடைத்துக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல, விடு."

"சொல்லுங்கக்கா."

"எல்லாக் குழந்தையும் என்னைப் பெரியம்மான்னுதான் கூப்பிடுது, வசு." சொல்லிவிட்டு, சொன்னதற்காகச் சிரித்தாள். "போ, போய் மூஞ்சியைக் கழுவு. காபி போடறேன்."

மறுநாள் வசுமதி நின்றுகொண்டு வாசித்தாள்.

"எல்லாக் குழந்தையும் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறது."

யாரும் போனைத் தொடவில்லை. படம் போடுகிற பெண் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டாள். கிளாட்சன் பாராட்டவில்லை.

"இது யார் சொன்னது மேடம்?"

"நானே எழுதினது சார்."

"நல்லது."

அவன் நம்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நம்புவது அவனுக்கு அவசியமில்லை என்பதும் தெரிந்தது.

வேலை நிரந்தரமாயிற்று. பஸ் ஸ்டாண்ட் சிக்னலில் போர்டு ஏறியது. ஜன்னலோரம் முகம் தெரியாத ஒரு புடவைக்காரி. பக்கத்தில் அந்த வரி, ஆள் உயர எழுத்தில். வீட்டில் யாருக்கும் வசுமதி சொல்லவில்லை. அகிலா அந்தப் பக்கம் போகிறவள் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் கதவைத் தட்டாமல் கிளாட்சன் அறைக்குள் வந்தாள்.

"சார், அந்த போர்டை இறக்கணும்."

"எதுக்கு? அந்த சென்டர்ல போன் ஓயலையாம்."

"அது என் ஓரகத்தி சொன்னது. நான் எழுதினது இல்லை."

கிளாட்சன் ஆச்சரியப்படவில்லை.

"நேத்து எல்லாருமா கல்யாணத்துக்குக் கார்ல போனோம். அந்த சிக்னல்ல நின்னுச்சு. என் பொண்ணு சத்தமா வாசிச்சா. 'பெரியம்மா, உங்களை மாதிரியே ஒருத்தங்க'ன்னு வேற சொன்னா. மாமியார் இருந்தாங்க. அக்காவோட வீட்டுக்காரர் இருந்தார்."

"உங்க ஓரகத்தி என்ன சொன்னாங்க?"

"என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை கிடையாது சார்."

"போர்டை இறக்கினா பேசிடுவாங்களா?"

"தெரியலை. என் வேலை போனாலும் போகட்டும். அவங்க என்கிட்ட மறுபடி பேசணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

கிளாட்சன் நாற்காலியைக் காட்டினான். தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினான்.

"உட்காருங்க. இன்னிக்குக் காலைல வீட்டுல என்ன நடந்துச்சு? மெதுவா சொல்லுங்க."

இவ்வளவு கனிவாக அவன் பேசி அவள் கேட்டதில்லை. உட்கார்ந்தாள்.

"பொண்ணு சீப்பை எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போனா. தினமும் அக்காதான் பின்னிவிடுவாங்க. 'பெரியம்மா'ன்னு கூப்பிட்டா. திரும்பலை. மறுபடியும் கூப்பிட்டா. அடுப்புல இருந்த பாலையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. பால் பொங்கி வழிஞ்சுது, அணைக்கலை. பொண்ணு தானே ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டா."

புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"இல்ல சார். பால் அப்புறம். முதல்ல பொண்ணு போயிடறா. கேட் சாத்தற சத்தம் கேக்குது. அவங்க அப்பவும் திரும்பலை. அதுக்கப்புறம்தான் பால்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"பால் கடைசியிலேயே இருக்கட்டும் மேடம்," என்றான் கிளாட்சன். "நல்லா வருது. ஏன் நிறுத்திட்டீங்க?"