பதக்கத்தில் ராஜா எங்கே?

மருதங்காவு ராஜா ஏழு வருஷம் பாடுபட்டு ஒரு பேரேரி வெட்டினார். அது முதல்முறையாக நிரம்பி மறுகால் பாய்ந்தது. அதன் நினைவாக, உள்ளங்கை அகலத்தில் ஒரு வெண்கலப் பதக்கம் வார்க்கச் சொன்னார். வேலை சிற்பி சடையாண்டிக்குப் போனது.

பிரதானி வேங்கடப்பருக்கு வயிறு எரிந்தது. தன் மைத்துனனுக்கு வரவேண்டிய வேலையாச்சே. சடையாண்டி அச்சை உடைத்துப் பதக்கத்தை எடுத்ததுதான் தாமதம், மெருகு போடக்கூட விடாமல் பிடுங்கிக்கொண்டு சபைக்கு வந்துவிட்டார். பின்னாலேயே சடையாண்டியும் ஓடிவந்தான்.

"பாருங்கள் மகாராஜா. கரை இருக்கிறது, மதகு இருக்கிறது, மண்கூடை சுமக்கிற பெண்கள்கூட இருக்கிறார்கள். தாங்கள்தான் இல்லை" என்றார் வேங்கடப்பர்.

ராஜா திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூடைக்காரியின் நெற்றிச் சுருக்கம்கூடத் தெரிந்தது. நடுவில், தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில், கரிபிடித்த வெறும் வட்டம்.

"சடையாண்டி, நாளைப் பொழுது சாய்வதற்குள் நீ என் நாட்டில் இருக்கக் கூடாது."

சடையாண்டிக்கு உளி பேசும், வாய் பேசாது. அவனுக்காக எழுந்தவர் சபையில் வாய்த்துடுக்குக்குப் பெயர்போன கொழுந்தப்பர்.

"வேகாத அரிசியை வாயில் போட்டுக்கொண்டு சோறு சரியில்லை என்றால் எப்படி மகாராஜா? கொஞ்சம் புளி வரட்டும்."

புளி வந்தது. கொழுந்தப்பர் சபை நடுவே சம்மணம் போட்டு, குத்துவிளக்கு விளக்குவதுபோலத் தேய்த்தார். பிறகு சடையாண்டி எண்ணெய்த் துணியில் செங்கல் தூளைத் தொட்டு மெருகேற்றினான்.

"இது சபையா, சமையற்கட்டா?" என்றார் வேங்கடப்பர்.

ஒருவழியாகப் பதக்கம் ராஜா கைக்கு வந்தது. வெறும் வட்டம் இப்போது தண்ணீராய்ப் பளபளத்தது. அதற்குள் மீசையும் கிரீடமுமாக ஒரு முகம்.

"அட, நான்தான்" என்றார் ராஜா.

வேங்கடப்பர் எட்டிப் பார்த்தார். "நான் பார்த்தால் என் முகம் தெரிகிறது. மாடு மேய்க்கிறவன் பார்த்தால் அவன் முகமல்லவா தெரியும்? இதில் ராஜாவுக்கு என்ன மரியாதை?"

"ஏரியும் அப்படித்தானே பிரதானியாரே" என்றார் கொழுந்தப்பர். "வெட்டியவர் மகாராஜா. மாடு மேய்க்கிறவன் குனிந்தால் அவன் முகம்தான் தெரிகிறது. அவன் குனிந்து குடிக்கட்டும் என்றுதானே வெட்டினார்?"

ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார்.

"சடையாண்டி இங்கேயே இருக்கட்டும். மண் சுமந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்று வார்க்கட்டும். புளி போட்டுத் தேய்க்கிற வேலை மட்டும் நம் பிரதானியாருக்கு."