தண்ணீர்த்துறையில் கடை கேட்ட மைனா

ஒரு காட்டில், இலுப்பை மரப் பொந்து ஒன்றில், ஒரு மைனாவும் அதன் துணையும் மூன்று குஞ்சுகளோடு இருந்தன.

மைனா உண்ணி பிடுங்கும் கடை வைத்திருந்தது. மானும் காட்டெருமையும் பன்றியும் அதனிடம் வந்து அசையாமல் நிற்கும். மைனா முதுகில் ஏறிக்கொண்டு, காதுக்குள்ளும் கழுத்து மடிப்பிலும் ஒட்டியிருக்கும் உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கும். கூலி என்று தனியாக எதுவும் இல்லை. பிடுங்கிய உண்ணியே கூலி. அதுதான் குஞ்சுகளுக்கும் சாப்பாடு.

கடை இருந்த இடம் கரட்டு மேடு. அங்கே புல் இருந்தவரை கூட்டமும் இருந்தது. அந்தக் கோடையில் புல் கருகிவிட்டது. மேட்டுக்கு வரும் கால்களும் நின்றுவிட்டன.

"இன்னைக்காவது யாராச்சும் வந்தாங்களா?" என்று ஆண் மைனா கேட்டது.

"ஒரு முயல் வந்துச்சு."

"நல்லதாப் போச்சே!"

"எங்கே! வழி தப்பி வந்துச்சாம். வழி கேட்டுட்டுப் போயிடுச்சு!"

குஞ்சுகள் வாயைத் திறந்தபடி கத்திக்கொண்டே இருந்தன. கடைசிக் குஞ்சுக்குக் கத்தவும் தெம்பு இல்லை. அது வாயை மட்டும் திறந்து மூடியது.

"தண்ணி குடிக்க மடுவுக்கு எல்லாரும் தினமும் வந்துதானே ஆகணும்? கடையை அங்கே போட்டா என்ன?" என்றது ஆண் மைனா.

"அங்கே நிக்கவே கூடாதுன்னு விதி இருக்கேங்க!"

"இருக்கட்டும். நமக்கு மட்டும் ஒரு விலக்குக் கேளு. நாம என்ன, யாரையாவது கடிக்கவா போறோம்?"

மைனாவுக்கும் அது நியாயமாகப் பட்டது.

அந்தக் காட்டில் தண்ணீர் மிஞ்சியிருந்தது ஒரே மடுவில்தான். மருத மரத்திலிருந்து வெள்ளைப் பாறை வரைக்கும் தண்ணீர்த்துறை. வந்தவர் குடிக்கலாம், குடித்ததும் போய்விட வேண்டும். அங்கே நிற்பதும் படுப்பதும் ஒளிந்திருப்பதும் கூடாது. மானுக்கும் அதே விதி, சிறுத்தைக்கும் அதே விதி. மீறினால் யானைக் கூட்டம் விரட்டிவிடும். அதனால்தான் மான்களால் பயமில்லாமல் குனிந்து தண்ணீர் குடிக்க முடிந்தது.

துறையைக் கவனிக்க ஒரு சபை இருந்தது. தலைவி ஒரு பெண் யானை. பழைய தீர்ப்புகளை எல்லாம் நினைவில் வைத்திருக்கும் ஆமை ஒன்று, நாரை ஒன்று. ஆக மூவர். சிறுத்தையால் யானையை எதுவும் செய்ய முடியாது. ஆமையின் ஓட்டைக் கடிக்க முடியாது. நாரை பறந்துவிடும். யாருக்கும் பயப்படாதவர்கள் என்றுதான் இந்த மூவரையும் சபையில் வைத்திருந்தார்கள்.

வேண்டுகோள் வந்தால் மறுநாள் காலை எல்லோர் முன்னிலையிலும் கேட்பார்கள். சபை நடக்கும் அந்த நேரம் மட்டும் துறையில் நிற்கலாம். மறுப்பு இருப்பவர் வெள்ளைப் பாறைமேல் ஏறி நின்று சொல்ல வேண்டும். ஏறாதவர்கள் சம்மதித்தவர்கள். பிறகு யானை மூன்று முறை தரையை மிதிக்கும். மூன்றாவது மிதி விழுந்துவிட்டால் அடுத்த மழை வரும்வரை அந்த முடிவை யாராலும் மாற்ற முடியாது.

மைனாவின் வேண்டுகோள் மறுநாள் காலை எடுத்துக்கொள்ளப்பட்டது. மடுவைச் சுற்றி எல்லோரும் கூடியிருந்தார்கள்.

"பெரியம்மா, கரட்டு மேட்டுல பிழைப்பு போச்சு. துறையில ஒரு ஓரமாக் கடை போட்டுக்கறேன். என்கிட்ட வர்றவங்க மட்டும் கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போகட்டும்" என்றது மைனா.

"நின்னு நின்னு துறை பூராவும் சாணி போடுவாங்க. அதை யாரு மிதிக்கறது? நான்தானே மிதிக்கணும்!" என்றது நாரை.

"உங்க காலு நீளத்துக்குச் சாணி எட்டுமா சாமி?" என்று பன்றி பின்னாலிருந்து சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு புள்ளிமான் குட்டியோடு முன்னால் வந்தது. அதன் காதெல்லாம் உண்ணி. சொறிந்து சொறிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"பெரியம்மா, தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்தே வலிக்குது. அக்காவுக்கு இடம் கொடுத்தா எங்களுக்கும் நிம்மதி."

யானைக்கு மனம் இளகியது. "யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று கேட்டது.

யாரும் பாறைமேல் ஏறவில்லை. மைனாவுக்குச் சிறகு சிலிர்த்தது. குஞ்சுகளின் திறந்த வாய்கள் கண்முன் வந்தன. இன்று மாலையே வயிறு நிறைந்துவிடும்!

அப்போது மருத மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மறுப்பு இல்லை. ஆதரவு!"

சிறுத்தை வந்து எல்லோருக்கும் நடுவில் நின்றது. மான்குட்டி தாயின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது.

"பாவம், சின்னக் கடை. பிள்ளைகுட்டிக்காரி. நாம உதவாம யாரு உதவறது?" என்றது சிறுத்தை. "ஒரே ஒரு சந்தேகம், பெரியம்மா. கடைக்கு வர்றவங்க துறையில நிக்கலாம், இல்லையா?"

"நிக்கலாம்."

"கூட்டமா இருந்தா, முறை வர்றவரைக்கும் காத்துக்கிட்டும் இருக்கலாம்?"

"இருந்துதானே ஆகணும்."

"அப்ப நானும் வரலாமில்லே? எனக்கும் காதுல உண்ணி இருக்கு."

யானை ஆமையைப் பார்த்தது. ஆமை கழுத்தை மெல்ல வெளியே நீட்டி, "விதி மானுக்கும் சிறுத்தைக்கும் ஒண்ணுதான். விலக்கும் ஒண்ணாத்தான் இருக்கணும்" என்றது.

மைனா திடுக்கிட்டது. "அண்ணே, சிறுத்தைங்களுக்கு நான் பிடுங்கினதே இல்லையே!" என்றது.

"ஏன் தங்கச்சி? என் ரத்தம் குடிச்ச உண்ணி உன் குஞ்சுங்களுக்குத் தொண்டையில இறங்காதா?"

"துறையில ஆள் பார்த்துப் பிரிக்கக் கூடாது" என்றது நாரை. மூவருக்கும் அது சரியாகவே தோன்றியது. சிறுத்தையைக் கண்டு நடுங்கியவர்களைப் பயமறியாத அந்த மூவரும் கவனிக்கவே இல்லை.

"முடிவு சொல்றதுக்கு முன்னாலே ஒரு தடவை செய்து காட்டட்டுமே. நானே முதல் வாடிக்கை!" என்றது சிறுத்தை. மான்கள் நின்ற பக்கமாகத் திரும்பி முன்னங்காலை மடித்துக் குனிந்தது.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைனாவுக்கு வேறு வழியில்லை. பறந்து போய்ச் சிறுத்தையின் கழுத்தில் உட்கார்ந்தது. காதில் உண்ணி ஒன்றிரண்டு இருந்தது உண்மைதான். ஒன்றைப் பிடுங்கியது. பிடுங்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

சிறுத்தையின் இரண்டு காதுகளுக்கும் நடுவே நேரே தெரிந்தது புள்ளிமானின் கழுத்து. அந்தக் கழுத்துக்குக் கீழே குட்டியின் முகம். ஒரு பாய்ச்சல் தூரம்கூட இல்லை. மைனாவின் காலுக்கடியில் சிறுத்தையின் தசை கல்லைப்போல இறுகியது, பிறகு தளர்ந்தது, மறுபடியும் இறுகியது. இத்தனைக்கும் அது அசையவே இல்லை. முறைக்குக் காத்திருக்கும் வாடிக்கையைப்போல அமைதியாக இருந்தது.

நாளைக் காலை இதே இடத்தில் மான்கள் சுகமாகக் கண்ணை மூடி நிற்கும். அடுத்த முறைக்காக இது பின்னால் காத்திருக்கும். கேட்டால், வாடிக்கை என்று சொல்லும். அதற்கு அனுமதி வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று மைனாவுக்கு விளங்கியது.

அதன் உடல் நடுங்கியது. அந்த நடுக்கம் சிறுத்தையின் தோலுக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன தங்கச்சி, காலு ஆடுது?" என்று சிறுத்தை அதற்கு மட்டும் கேட்கும்படி மெல்லக் கேட்டது. "இலுப்பை மரம்தானே உன் வீடு? பொந்து வாசல் கொஞ்சம் குறுகல்தான். ஆனா என் கை நுழையும். போன வருஷம் காலியா இருந்தப்ப விட்டுப் பார்த்திருக்கேன். நீ பாட்டுக்குக் கடையைப் போடு. நான் பாட்டுக்கு இருக்கேன்."

மைனா பறந்துபோய் மருத மரக் கிளையில் உட்கார்ந்தது.

யானை முன்னங்காலைத் தூக்கி முதல் மிதி மிதித்தது. மடுவில் தண்ணீர் அதிர்ந்தது.

மைனா புள்ளிமானைப் பார்த்தது. மான் பாறையைப் பார்த்தது, சிறுத்தையைப் பார்த்தது, தலையைக் கவிழ்த்துக்கொண்டது.

யானை இரண்டாவது மிதி மிதித்தது.

சொன்னால் பொந்துக்குள் அந்தக் கை வரும். சொல்லாவிட்டால் குஞ்சுகளுக்கு வயிறு நிறையும். நாளைக்கு மட்டுமல்ல, மழை வரும்வரை நிறையும். மானின் குட்டிதான் இருக்காது. மைனா மானின் வயிற்றுக்கடியில் தெரிந்த அந்தச் சின்னக் கால்களைப் பார்த்தது.

யானையின் கால் மூன்றாம் முறை மேலே எழுந்தது.

"வேண்டாம்!" என்று மைனா கத்தியது. "எனக்குக் கடை வேண்டாம்! வேண்டுகோளைத் திரும்ப எடுத்துக்கறேன்!"

யானை தூக்கிய காலோடு நின்றது. "விளையாடறியா? இவ்வளவு பேரைக் கூட்டி வெச்சுட்டு, இப்ப வேண்டாம்னா?"

"குருவிப் புத்தி!" என்றது நாரை.

சிறுத்தை மைனாவை நிமிர்ந்து பார்த்தது. கண்ணை எடுக்கவே இல்லை. "தங்கச்சி யோசிச்சுச் சொல்லட்டும்" என்றது இனிமையாக.

மைனாவுக்குப் பொந்து நினைவுக்கு வந்தது. ஆனாலும் சொல்லிவிட்டது.

"அண்ணே, கழுத்துல உட்கார்ந்திருந்தப்ப என் காதுல சொன்னீங்களே, அதை இப்ப சத்தமாச் சொல்லுங்க! எல்லாருக்கும் கேட்கட்டும்! பொந்து வாசல் குறுகல், ஆனா என் கை நுழையும்னு சொன்னீங்களே!"

எல்லாத் தலைகளும் சிறுத்தையின் பக்கம் திரும்பின.

"குடும்பத்தை விசாரிச்சேன். அது தப்பா?" என்றது சிறுத்தை.

"குடும்பத்தை விசாரிக்கறவங்க வாசல் அளவையா விசாரிப்பாங்க?" என்றது யானை.

அப்போது சரளைக்கற்கள் உருளும் சத்தம் கேட்டது. புள்ளிமான் வெள்ளைப் பாறைமேல் ஏறிக்கொண்டிருந்தது.

"எனக்கு மறுப்பு இருக்கு" என்றது மான்.

"முதல்லேயே ஏன் சொல்லலை?" என்று யானை கேட்டது.

"அது என்னையே பார்த்துக்கிட்டிருந்துச்சு, பெரியம்மா."

"இப்பவும் உன்னைத்தானே பார்க்குது?"

"ஆமா. இப்ப நீங்களும் அதைப் பார்க்கறீங்க."

பன்றியும் ஏறியது. இன்னும் இரண்டு மான்கள் ஏறின. பாறையில் இடம் போதவில்லை. யானை தூக்கிய காலைத் தரையில் மிதிக்காமல் மெல்லப் பின்னால் வைத்தது.

"கடை இல்லை. விதி பழையபடியே இருக்கும்" என்றது.

சிறுத்தை அவசரப்படவில்லை. மடுவில் இறங்கித் தண்ணீர் குடித்தது. குடித்ததும், விதிப்படி, கிளம்பியது. போகிற போக்கில் இலுப்பை மரம் இருக்கும் திசையை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனது.

மைனா அதற்கு முன்பே வீட்டை நோக்கிப் பறந்துவிட்டது. பொந்தில் மூன்று குஞ்சுகளும் இருந்தன. அவற்றைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தது.

"கிடைச்சுதா?" என்று ஆவலோடு கேட்டது ஆண் மைனா.

"இல்லைங்க." நடந்ததைச் சொல்லும்போதே அதற்கு அழுகை வந்தது. குஞ்சுகள் இன்னும் வாயைத் திறந்தபடியே இருந்தன.

சிறிது நேரத்தில் மரத்தடியில் குளம்புச் சத்தம் கேட்டது. கீழே புள்ளிமான் குட்டியோடு நின்றிருந்தது.

"அக்கா, துறையிலேதானே நிக்கக் கூடாது? நாங்க மடுவுக்கு நடந்து வர்றப்பவும் திரும்பிப் போறப்பவும் முதுகுல ஏறிக்கோங்க. நடக்கறதுக்கு யாரு விலக்குத் தரணும்?"

"நடந்தா முதுகு ஆடுமே!"

"கெட்டியாப் பிடிச்சுக்கோங்க!"

அன்றைக்கு மைனா இரண்டு முறை சறுக்கி விழுந்தது. பிடுங்கிய உண்ணியில் பாதி புழுதியில் விழுந்து தொலைந்தது. மேட்டுக் கடையில் நல்ல காலத்தில் கிடைத்ததில் பாதிகூட இல்லை. ஆனாலும் கடைசிக் குஞ்சு அன்று மாலை சத்தம் போட்டுக் கத்தியது.

குஞ்சுகளுக்குச் சிறகு முளைக்கும்வரை மைனாவுக்குத் தூக்கமே இல்லை. சருகு அசைந்தாலும் எழுந்து உட்காரும். யானைக்கு அந்தக் கோடை முழுவதும் முதுகு அரித்துக்கொண்டே இருந்தது. காட்டில் எத்தனையோ மரம் இருக்க, அது தினமும் இலுப்பை மரத்திலேயே வந்து தேய்த்துக்கொண்டது. சிறுத்தை இரண்டு முறை அந்த வழியே வந்தது. மரத்தடியில் யானை நிற்பதைப் பார்த்தது. வந்த வழியே திரும்பிவிட்டது.

எல்லோரையும் காக்கும் விதியில் நமக்கென்று ஒரு விலக்குக் கேட்கும் முன், அதே வழியாக நமக்குப் பின்னால் நுழையக் காத்திருப்பவர் யார் என்று திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.