கிதியோன் அண்ணன் தோல் வெட்ட வந்த சனிக்கிழமை

பொய் சொல்லக் கூடாது என்று கட்டளை இருக்கிறது. பொய்யைக் காது கொடுத்துக் கேட்கக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில்தான் நாங்கள் மூன்று பெண்கள் ஆம்பூரில் எங்கள் சர்ச் ஹாலில் உட்கார்ந்து கிதியோன் அண்ணன் பேசியதை அரை நாள் கேட்டோம். கேட்டது பாவமென்றால் ஆண்டவர் மன்னிக்கட்டும். சிரித்ததற்கும் சேர்த்து.

மூன்று பேர் என்றால் நான், ஷமீம், ஹெலன். பிள்ளைகள் வேலைக்கும் கல்யாணத்துக்கும் போன பிறகு கை சும்மா இருக்கக் கூடாதென்று நான் தோலில் பர்ஸ், வேதப்புத்தக உறை என்று தைக்க ஆரம்பித்தேன். ஷமீம் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவள். எங்களுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக் கொடுத்ததே அவள்தான். ஹெலன் பயந்த சுபாவம். யாராவது உரக்கப் பேசினால் "சரிங்க" என்று சொல்லிவிடுவாள். எதற்குச் சொன்னோம் என்று அப்புறம்தான் யோசிப்பாள்.

அந்த ஹெலனுக்கு முதல் ஆர்டர் வந்திருந்தது. சென்னையில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா ஏழு தோள்பை கேட்டிருந்தார். ஏழும் ஒரே நிறம் இருக்க வேண்டும், நன்றாக இருந்தால் மாதாமாதம் வாங்குவேன் என்று சொல்லியிருந்தார். ஹெலன் அலைந்து திரிந்து மாதுளம்பழ நிறத்தில் ஒரு முழுத் தோல் கொண்டுவந்தாள். அந்த நிறத்தில் அது ஒன்றுதான் மிச்சம், மறுபடி சாயம் போட்டால் இதே நிறம் விழாது என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தாராம். ஒரு வெட்டு தப்பினால் ஏழு ஆறாகும். ஆறு பையை அந்த அம்மா வாங்க மாட்டார்.

இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு, தோலை விரித்து, அட்டையில் வெட்டிய அளவுகளை ஷமீம் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கிதியோன் அண்ணன் உள்ளே வந்தார். கையில் ஒரு கத்தி. புதுக் கத்தி. அதன் முனையில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

கிதியோன் அண்ணன் எங்கள் சபை கமிட்டியில் இருக்கிறார். ஹால் சாவி அவரிடம். தோல் கம்பெனியில் முப்பது வருஷம் இருந்தவர் என்று அவரே எல்லோரிடமும் சொல்வார். உண்மைதான். லாரியில் ஏறும் பெட்டிகளை எண்ணிக் கையெழுத்துப் போட்டார். பெட்டிக்குள்ளே இருந்ததை அவர் பார்த்திருக்கவும் கூடும்.

"ஹெலன், தோல் வந்துச்சாமே. நீ தொடாதே. நான் வெட்டித் தரேன்" என்றார்.

"சரிங்கண்ணே" என்றாள் ஹெலன். உடனே என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது.

ஷமீம் அட்டையிலிருந்து கையை எடுக்காமல், "அண்ணே, அளவு வெச்சுட்டு இருக்கோம். அப்புறம் வெட்டலாம்" என்றாள்.

"அளவா?" நாற்காலியைத் தோலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "அட்டை, ஸ்கேல், பேனா எல்லாம் பயந்தவங்களுக்கு. நான் ஒரு தடவை வெறும் கண்ணால பாத்து வெட்டுன பையை மும்பையில ஒரு பெரிய ஆபீஸ்ல வெச்சிருக்காங்க. அவங்க ஸ்கேல் சரியா இருக்கான்னு அந்தப் பையை வெச்சுத்தான் பாக்குறாங்க."

நான் நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்தபடியே கேட்டேன். "நீங்க கையால தைப்பீங்களாண்ணே?"

"தைப்பேனாவா? எஸ்தரம்மா, ஒரு நாள் பெல்ட்டுக்கு ஓட்டை போடுறேன். குத்தூசியைக் கொஞ்சம் அழுத்திட்டேன். தோல்ல எறங்குச்சு, மேசையில எறங்குச்சு, தரையில எறங்குச்சு. வெளிய இழுக்குறேன், பின்னாடியே தண்ணி வருது. எங்க தெருவுல இன்னைக்கும் எல்லாரும் குடிக்கிறது அந்தத் தண்ணிதான்."

"உங்க தெருவுக்கு லாரியில இல்ல தண்ணி வருது" என்றாள் ஷமீம்.

"லாரி எங்க வந்து ரொப்பிக்கிட்டுப் போவுதுன்னு நெனச்சே?"

ஷமீம் அடுத்த அட்டையை எடுத்துத் தோலின்மேல் வைத்தாள். இவருக்குப் பதில் சொல்வதும் இவருக்குத் தீனி போடுவதும் ஒன்றுதான். ஆனால் கத்தி கொஞ்சம் கொஞ்சமாகத் தோலுக்கு மேலே நகர்ந்து வந்துகொண்டிருந்தது. பேச்சு நின்றால் வெட்டிவிடுவார். அதனால் நான்தான் கேட்டேன், அவர் வாய் ஓடட்டும், கை நிற்கட்டும் என்று.

"விக்கிறது எப்படிண்ணே? ஹெலனுக்கு விலை சொல்லவே கூச்சமா இருக்கு."

"விலையே சொல்லக் கூடாது." கத்தியை மேசையில் வைத்தார். எனக்கு மூச்சு வந்தது. "பொருள் பேசணும். நான் ஒரு பர்ஸ் தெச்சு ஜேபியில வெச்சுக்கிட்டு வேலூர் பஸ்ல போறேன். பிக்பாக்கெட்காரன் அடிச்சுட்டான். அடுத்த ஸ்டாப்புல என் தோளைத் தட்டுறான். உள்ள இருந்த பணத்தை எல்லாம் எடுத்து என் கையில கொடுத்துட்டு, சார், பணம் உங்களோடது, பர்சை மட்டும் நான் வெச்சுக்கறேன், எங்க அம்மாகிட்ட காட்டணும்னு அழுவுறான்."

"கொடுத்துட்டீங்களா?"

"தாய்க்குன்னு சொன்னப்புறம் எப்படிம்மா கேக்குறது. இப்ப அவன் அந்தத் தொழிலையே விட்டுட்டான். தோல் வேலை கத்துக்குறானாம்."

"சரி, நீங்க தெச்சது ஒண்ணைக் காட்டுங்களேன். நாங்களும் பாத்துக் கத்துக்கறோம்" என்றாள் ஷமீம்.

கிதியோன் அண்ணன் சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேடி, அதற்கு மேலே இருந்த தன் பர்சை வெளியே எடுத்து, கைக்குட்டையை உருவிக்கொண்டு பர்சைத் திரும்ப வைத்தார். ஒரு நொடிதான். ரெக்சின் பர்ஸ், மடிப்பில் உரிந்து உள்ளே துணி தெரிந்தது. மூன்று பேரும் பார்த்தோம். நாங்கள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"இதுவா? நான் தெச்சதை நானே வெச்சுக்கிட்டா கேக்குறவங்க மனசு ஒடிஞ்சு போகும்னு கடையில வாங்கி வெச்சுக்கிட்டேன்" என்றார்.

"உங்களுக்கு இரக்க குணம்ணே" என்றேன். இதைப் பொய்க் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி கத்தியை எடுத்தார். "மொதல்ல தோள்வார். ஏழு பைக்கு ஏழு வார். இங்க வெட்டணும்" என்று கத்தி முனையால் தோலின் ஓரத்தைக் காட்டினார். வயிற்றுப் பக்கம்.

ஷமீம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இதுவரை வேடிக்கை. இப்போது இல்லை. "அண்ணே, வயித்துப் பக்கம் தளர்வா இருக்கும். வார் அங்க வெட்டுனா நாலு நாள்ல நீண்டுடும். முதுகெலும்பு ஓடுன இடத்துல நேரா வெட்டணும். வயித்துத் தோலை உள்பாக்கெட்டுக்கு வெச்சுக்கலாம்."

"யார் சொன்னது?"

"இருபத்திரண்டு வருஷம் வெட்டியிருக்கேன்."

"நீ வெட்டுனது ஷூ. ஷூ தரையில நடக்கும். பை தோள்ல தொங்கும். தோளுக்கு மெத்துனு இருக்கணும்மா. வயித்துத் தோல் அளவுக்கு மெத்துனு வேற எது இருக்கு?" என்று சொல்லி எங்களைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். கதை வரப்போகிறதென்று எனக்குத் தெரிந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது. கத்தி அந்தரத்தில் நின்றது.

"சென்னைக்காரம்மா ஒருத்தங்க. நான் செஞ்ச பையை வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டு ரயில் ஏறுறாங்க. இதே ஆம்பூர் ஸ்டேஷன். ஏறுற அவசரத்துல பை பிளாட்பாரத்துல இருக்குற பெஞ்சு காலுல மாட்டிக்கிச்சு. ரயில் கெளம்பிடுச்சு. வார் அந்தம்மா தோள்ல, பை ஆம்பூர்ல. வார் நீளுது. குடியாத்தம் வரைக்கும் நீளுது. காட்பாடி வரைக்கும் நீளுது. நடுவுல ஒரு ஊர்ல அதுமேல புடவையெல்லாம் காயப் போட்டுட்டாங்க."

ஹெலன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காட்பாடியில அந்தம்மா ஒரு இழு இழுத்தாங்க பாருங்க. பெஞ்சோட சேந்து பை வந்து மடியில உக்காந்துச்சு. பெஞ்சுல ஒரு பெரியவர் தூங்கிட்டு இருந்தாரு, அவரும் வந்துட்டாரு. அவருக்கும் காட்பாடியிலதான் வேலையாம். டிக்கெட் மிச்சம்னு என்னைக் கும்புட்டுட்டுப் போனாரு."

ரயில் கதை முடிந்ததும் ஷமீம் மெதுவாகக் கேட்டாள். "அப்ப வயித்துத் தோல் நீளும்னு நீங்களே ஒத்துக்கிறீங்க."

கிதியோன் அண்ணனுக்கு அப்போதுதான் அவருடைய ரயில் எந்தப் பக்கம் போய்விட்டதென்று புரிந்தது. முகம் கொஞ்சம் சிவந்தது. கமிட்டிக் குரல் வந்துவிட்டது. "நீளும். ஆனா நான் வெட்டுனா திரும்பி வரும். வெட்டுறவங்க கையைப் பொறுத்தது. ஹெலன், நீ சொல்லு. நான் வெட்டட்டுமா? சனிக்கிழமை சனிக்கிழமை இந்த ஹாலைத் தொறந்து விடுறது யாரு?"

இதைத்தான் நான் பயந்தேன். சிரிப்பெல்லாம் போய்விட்டது. ஹெலன் "சரி" என்ற வார்த்தையின் முதல் எழுத்துக்கு வாயைத் திறந்துவிட்டாள். என் வாழ்க்கையில் நான் செய்த ஜெபங்களிலே மிகச் சிறியது அதுதான். ஆண்டவரே, இவரை இன்னும் கொஞ்சம் பேச வை.

ஆண்டவர் பேச வைத்தார். ஆள் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்.

"நான் தோலைக் கேக்காம வெட்டவே மாட்டேன்" என்று கிதியோன் அண்ணன் கத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது உள்ளங்கையைத் தோலின்மேல் வைத்துக் கண்ணை மூடினார். "தோல் என்கிட்ட பேசும். எல்லார்கிட்டயும் பேசாது. ஒரு தடவை ஒரு தோல் என்கிட்ட அழுதுச்சு, அண்ணே என்னைப் பர்சாக்கிடாதீங்க, நான் மேளத்துக்குப் போறேன்னு. விட்டுட்டேன். இப்ப ஊர்வலத்துல அதோட சத்தம் கேட்டா என்னைப் பேர் சொல்லிக் கூப்புடுற மாதிரியே இருக்கும்."

"இது என்ன சொல்லுது?" என்றாள் ஷமீம். அவள் குரலில் ஒரு மாதிரி அடக்கம். அது வந்தால் நல்லதற்கில்லை என்று எனக்குத் தெரியும்.

"பொறு. சொல்லுது." உள்ளங்கையை மெதுவாகத் தடவினார். "பேரு லட்சுமி. பசு. பேர்ணாம்பட்டுப் பக்கம். ரொம்ப அமைதி. கன்னுக்குட்டி நாலு போட்டிருக்கு. காலையில ஆறு லிட்டர் பால். நானே கறந்திருக்கேன், அப்ப அந்தப் பக்கம் வேலையா போவேன். லட்சுமின்னு கூப்புட்டா திரும்பிப் பாக்கும். என்னைக் கண்டா அடையாளம் தெரிஞ்சு மடியே எறங்கும். அது சொல்லுது, என் பழைய கிதியோன் கையாலதான் நான் வெட்டுப்படணும்னு."

கண்ணைத் திறந்து ஹெலனைப் பார்த்தார். "கேட்டியா? அதோட கடைசி ஆசை. இனி நீ மாட்டேன்னு சொன்னா அந்தப் பாவம் உனக்கு."

ஷமீம் அட்டைகளை அடுக்கி ஓரமாக வைத்தாள். தோலின் கழுத்துப் பக்கத்தில் கடைக்காரர் ஒட்டியிருந்த சீட்டை விரலால் தட்டினாள். "அண்ணே, இது எருமைக் கடா."



நான் கிதியோன் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தலையைக் குனிந்திருப்பார்கள். அவர் சீட்டைப் படித்தார். தோலைப் பார்த்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"தெரியுமே" என்றார். "கடாவா இருக்கப் போயிதான் ஆறு லிட்டர். பொட்டையா இருந்திருந்தா பத்து கறந்திருப்பேன்."

ஷமீம் தோற்றுப்போய் என்னைப் பார்த்தாள். இதற்கு மேலே ஏற ஏணி எங்கே இருக்கிறது. அப்போதுதான் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். ஹெலன் சிரிக்கிறாள். வாயில் முந்தானை இல்லை, கை இல்லை, தோள் குலுங்கச் சிரிக்கிறாள். அவள் ஓர் ஆண்பிள்ளை எதிரில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் கிதியோன் அண்ணன் பக்கத்தில் நின்றாள். ரொம்ப மரியாதையாக, இரண்டு கையையும் நீட்டினாள்.

"அண்ணே, கடாவைக் கறந்த கை. களைச்சிருக்கும். கத்தியை இப்படிக் கொடுத்துட்டு நீங்க சும்மா உக்காந்திருங்க."